உபரி மைக்ரோவேவ் கருவிகளில் ஆவணமில்லாத சிறப்பு ஆப்ஷன்கள்: கண்டறியும் முறை, முழுமையான வழிகாட்டி

ஏலத்தில் வாங்கிய ஹெச்பி (ஹூலெட்-பேக்கார்ட்) 8340பி சிந்தசைஸ்டு ஸ்வீப்பர், அதாவது மைக்ரோவேவ் சிக்னல்களை உருவாக்கித் தரும் ஆய்வகக் கருவி, ஒன்றின் பின்புறத்தில் மூன்று ஆப்ஷன் எண்கள் (வழக்கமான மாதிரியிலிருந்து உள்ள வேறுபாடுகளைக் காட்டும் எண்கள்) ஒட்டப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் 001, இரண்டாவது 908, மூன்றாவது ஹெச் என்ற எழுத்தில் தொடங்கி இரண்டு இலக்கங்களில் முடிகிறது. முதல் இரண்டுக்கும் கையேட்டில் விளக்கம் உண்டு. மூன்றாவது எண் கையேட்டிலும் இருக்காது, பழைய விலைப்பட்டியல்களிலும் இருக்காது. ஆனால் உங்கள் கருவி மற்ற 8340பிக்களிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது என்பது அந்த மூன்றாவது எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் பயன்படுத்தத் தொடங்கினால் பழுதில்லாத கருவியைப் பழுது என்று எண்ணிப் பிரிக்க நேரிடலாம்; உள்ளே இருக்கும் அரிய வசதியை அறியாமலே விட்டுவிடவும் நேரிடலாம்.

இத்தகைய எண்கள் தோன்றிய காரணம் எளிமையானது. விமானத் தளவாட நிறுவனமோ, தேசிய ஆய்வகமோ, தொலைத்தொடர்பு நிறுவனமோ தன் சோதனை அமைப்புக்கு ஏற்ப ஒரு மாற்றத்தைக் கேட்கும். தயாரிப்பாளர் தனி விலை சொல்லி, சிறு எண்ணிக்கையில் அந்த மாற்றத்தைச் செய்து தருவார். மாற்றத்தை விளக்கும் சில பக்கத் துணைக் கையேடு அந்தக் கருவிகளுடன் மட்டுமே அனுப்பப்படும். பின்னாளில் கருவி உபரியாகக் கழிக்கப்படும்போது அந்தப் பக்கங்கள் குப்பைக்குப் போய்விடுகின்றன. கருவி மட்டும் நம் கைக்கு வருகிறது. எனவே நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: வழக்கமான மாதிரியின் பிளாக் டயகிராமை (உட்பகுதிகளும் அவற்றின் இணைப்புகளும் காட்டும் படம்) அடிப்படையாக வைத்துக்கொண்டு, நம் கருவி அதிலிருந்து எங்கே விலகுகிறது என்பதை வெளியிலிருந்து உள்நோக்கி, எதையும் மாற்றாமல் தேட வேண்டும்.

படி 1: மின்சாரம் கொடுப்பதற்கு முன்

முதலில் எல்லா லேபிள்களையும் படம் எடுங்கள். பின்புறம், அடிப்புறம், பக்கவாட்டு மூடிகள், கைப்பிடிக்கு அடியில் உள்ள இடுக்கு ஆகிய எதையும் விட வேண்டாம். பழைய உரிமையாளரின் சொத்து எண், கேலிபிரேஷன் (அளவுத் திருத்தம்) ஸ்டிக்கர், கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஆகியவையும் சான்றுகளே. பலர் கருவியைத் துடைத்துப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் முதலில் இவற்றைத்தான் உரித்து எறிகிறார்கள். அந்த அவசரம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து மின் தேர்வியைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கருவி 120 வோல்ட்டில் நிறுத்தப்பட்டிருக்கும்; நம் 230 வோல்ட்டில் அதை அப்படியே செருகினால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். விமானங்களிலும் கப்பல்களிலும் 400 ஹெர்ட்ஸ் மின்சாரம் புழங்குவதால், அங்கிருந்து வந்த கருவியில் மின்வழங்கியே மாற்றப்பட்டிருக்கக்கூடும். பின்புறப் பலகத்தில் அச்சிடப்பட்டுள்ள அதிர்வெண் வரம்பையும் படித்துவிடுங்கள்.

சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்பியின் பழைய முறையில் நான்கு இலக்கங்கள், ஓர் எழுத்து, ஐந்து இலக்கங்கள் என்ற அமைப்பு இருக்கும். முதல் இரண்டு இலக்கங்களுடன் 1960ஐக் கூட்டினால் ஆண்டும், அடுத்த இரண்டிலிருந்து வாரமும் கிடைக்கும். 2410ஏ என்றால் 1984ஆம் ஆண்டின் 10ஆவது வாரம், அமெரிக்கத் தயாரிப்பு. ஜே ஜப்பானையும், ஜி ஜெர்மனியையும், யு பிரிட்டனையும் குறிக்கும். இது அந்தக் குறிப்பிட்ட கருவி தயாரான நாள் அன்று; அந்த வடிவமைப்பு நடைமுறைக்கு வந்த காலம். ஒரே முன்னொட்டுடன் பல மாதங்கள் கழித்தும் கருவிகள் வெளிவந்திருக்கலாம். ஆனால் கையேட்டின் எந்தப் பதிப்பு உங்கள் கருவிக்குப் பொருந்தும் என்பதை இந்த முன்னொட்டுதான் தீர்மானிக்கிறது.

படி 2: எண்களை வகை பிரித்தல்

ஒட்டப்பட்டிருக்கும் எண்கள் அனைத்தும் மின்சுற்றைப் பற்றியவை அல்ல. ஹெச்பியில் 907 முன்புறக் கைப்பிடி, 908 ரேக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டம்) பொருத்தும் காதுகள், 909 இரண்டும் சேர்ந்தது, 910 கூடுதல் கையேடு. டபிள்யூ30 நீட்டித்த உத்தரவாதம். இவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் பட்டியல் சுருங்கிவிடும்.

எஞ்சிய மூன்றிலக்க எண்களை அந்தந்த மாதிரியின் கையேட்டைக் கொண்டு மட்டுமே படிக்க வேண்டும். 8340பியில் 001 என்றால் வெளியீட்டில் ஸ்டெப் அட்டென்யுவேட்டர் (சிக்னலின் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் பகுதி) இல்லை என்று பொருள். அதற்குப் பின் வந்த 8360 வரிசையில் அதே 001 என்றால் ஸ்டெப் அட்டென்யுவேட்டர் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எண் ஒன்றாக இருந்தும் பொருள் நேர் எதிராகிவிடுகிறது. ஒரு மாதிரியின் பட்டியலை வைத்துக்கொண்டு இன்னொன்றை ஊகிப்பதால் விளையும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

ஹெச், சி, கே போன்ற எழுத்தை அடுத்து இரண்டு இலக்கங்கள் வந்தால் அது பெரும்பாலும் சிறப்பு வேலை. சில சமயம் அந்த எழுத்தும் எண்ணும் மாதிரி எண்ணுக்கு முன்னாலேயே ஒரு கோட்டுடன் வரும். இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. வேவ்கைடு (மைக்ரோவேவைக் கடத்தும் உலோகக் குழாய்) உதிரிகளில் முன்னெழுத்து அலைவரிசையைக் குறிக்கும்: எக்ஸ் என்றால் 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ், பி என்றால் 12.4 முதல் 18, கே என்றால் 18 முதல் 26.5, ஹெச் என்றால் 7.05 முதல் 10. ஆகவே ஹெச்532ஏ என்பது அந்த அலைவரிசைக்கான சாதாரண அதிர்வெண் மீட்டர். சிறப்புத் தயாரிப்பு அன்று. அதுபோலவே 8481ஹெச் என்பதில் கடைசியில் வரும் ஹெச் அதிகத் திறன் தாங்கும் பவர் சென்சாரைக் குறிக்கிறது.

மற்ற தயாரிப்பாளர்களில் வில்ட்ரான், அன்ரிட்சு கருவிகளில் எஸ்எம் என்று தொடங்கும் எண்ணும், டெக்ட்ரானிக்ஸில் மாட் என்ற சொல்லோடு வரும் எண்ணும் சிறப்பு மாற்றத்தைக் காட்டும். ரோடே அண்டு ஷ்வார்ஸில் பத்திலக்க ஆர்டர் எண்ணின் கடைசி இரு இலக்கங்களைக் கவனியுங்கள்; ஒரே பெயருள்ள கருவியின் வேறுபட்ட வடிவங்களை அவைதான் பிரிக்கின்றன.

சில சிறப்பு எண்கள் காலப்போக்கில் வெளிச்சத்துக்கு வந்துள்ளன. ஹெச்பியின் அளவைக் கருவிப் பிரிவு 1999இல் அஜிலண்ட் ஆகி, 2014இல் கீசைட் ஆனது. அஜிலண்ட் காலத்துப் பிஎஸ்ஜி என்ற சிக்னல் ஜெனரேட்டர் வரிசையில் பல கருவிகளின் சிக்னல் கட்டத்தை (ஃபேஸ்) ஒன்றிணைக்க உதவும் ஹெச்சிசி, 3.2 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ் அகலப்பட்டை மாடுலேஷன் தரும் ஹெச்18 ஆகியவை தயாரிப்பாளரின் ஆவணங்களிலேயே விளக்கப்பட்டன. எனவே ஹெச் என்று கண்டதுமே ஆவணம் கிடையாது என்று முடிவு கட்டாமல் ஒரு முறை தேடிப் பார்ப்பது நல்லது.

படி 3: காகிதத் தடயங்கள்

பழுதுநீக்கக் கையேடு இல்லாமல் மேலே செல்வதில் பயனில்லை. உங்கள் சீரியல் முன்னொட்டுக்குப் பொருந்தும் பதிப்பைத் தேடி எடுங்கள். அதில் பிளாக் டயகிராம், பின்புறப் பலகத்தின் படம், உதிரிப் பட்டியல் ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். கீசைட் பழைய கையேடுகள் பலவற்றை இன்றும் இலவசமாகத் தருகிறது. வடிவமைத்த பொறியாளர்களே எழுதிய கட்டுரைகள் 1949 முதல் 1998 வரை வந்த ஹெச்பி ஜர்னலில் உள்ளன. ஒரு கருவி ஏன் இப்படி அமைக்கப்பட்டது என்பதற்குக் கையேட்டைவிட அவை தெளிவான விடை தருவதுண்டு.

கருவியில் 6625 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண் இருந்தால் அது இராணுவக் கொள்முதல் வழியாக வந்தது. 6625 என்பது மின், மின்னணு அளவைக் கருவிகளுக்கான வகை எண். அடுத்த இரண்டு இலக்கங்கள் எண்ணை வழங்கிய நாட்டைக் காட்டும், 00 அல்லது 01 என்றால் அமெரிக்கா. அமெரிக்கத் தரைப்படை தன் கருவிகளுக்கு டிஎம் 11-6625 என்று தொடங்கும் சொந்தக் கையேடுகளை வெளியிட்டது. தயாரிப்பாளர் வெளியிடாத சிறப்பு வடிவத்தின் மின்சுற்றுப் படம் இராணுவக் கையேட்டில் கிடைப்பதற்கு வாய்ப்பு உண்டு என்பதால், இந்த எண்ணை வைத்துத் தேடுவதற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது தகும்.

படி 4: கருவியிடமே கேட்டல்

கருவியை இயக்கி, சுயசோதனையில் வரும் செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஐபி (கருவியைக் கணினியோடு இணைக்கும் தடம்) வழியாக அடையாளத்தைக் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் ஐஇஇஇ 488.2 தரத்துக்குப் பின் வந்த கருவிகள் நட்சத்திரக் குறியுடன் ஐடிஎன், ஓபிடி என்ற வினாக்களுக்கு விடை தரும். 8340, 8350பி போன்ற முந்தைய கருவிகளுக்கு அந்த மொழி தெரியாது. ஓஐ என்ற ஈரெழுத்துக் கட்டளையையே அவை புரிந்துகொள்ளும்.

கிடைக்கும் விடையை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மென்பொருளுக்குத் தெரிந்த ஆப்ஷன்களை மட்டுமே கருவி பட்டியலிடும். பின்புறத்தில் ஒரு கப்லரைச் (சிக்னலின் சிறு பகுதியைப் பிரித்தெடுக்கும் உதிரி) சேர்த்துக் கேபிள் இழுத்திருந்தால் அது மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. மறுபுறம், மென்பொருளின் பதிப்பு எண் எந்தக் கையேட்டிலும் காணாத வடிவில் இருந்தால், நிரல் நினைவகமே மாற்றப்பட்டிருக்கிறது என்று கருத இடமுண்டு.

இந்தக் கட்டத்திலேயே திருத்த மாறிலிகளைப் (கேலிபிரேஷனின்போது கருவியில் பதிக்கப்பட்ட எண்கள்) படியெடுத்துவிடுங்கள். அக்காலக் கருவிகள் பல இவற்றை லித்தியம் பேட்டரி காக்கும் நினைவகத்தில் வைத்திருக்கின்றன. வழக்கமான கருவியில் இவை அழிந்தால் இயல்பு மதிப்புகளை ஏற்றி மறுசீரமைப்பு செய்துகொள்ளலாம். சிறப்பு வடிவத்தில் இயல்பு மதிப்புகளே வேறாக இருக்கலாம்; அவை தொலைந்தால் திரும்பப் பெறுவதற்கு எங்கும் ஏடு இல்லை. பேட்டரியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு மாறிலியையும் காகிதத்திலாவது எழுதிக்கொள்ளுங்கள். ஈப்ராம் எனும் நினைவகச் சிப்புகளில் உள்ள நிரலையும் படித்துச் சேமித்துவிடுங்கள். இந்த ஒரு படியை யாரும் தவிர்க்கக் கூடாது என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

படி 5: அறியாத கனெக்டரை அளத்தல்

சிறப்பு ஆப்ஷனின் தெளிவான அடையாளம் கையேட்டின் படத்தில் இல்லாத ஒரு கனெக்டர். இதை ஆராய்வதில்தான் உண்மையான அறிவு கிடைக்கிறது. இங்கே நிதானம் வேண்டும்.

கனெக்டரின் வகையை முதலில் உறுதிசெய்யுங்கள். எஸ்எம்ஏ, 3.5 மிமீ, 2.92 மிமீ ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும், 2.4 மிமீ இவற்றுடன் பொருந்தாது, பலவந்தப்படுத்தினால் உடையும். 75 ஓம் என் வகைப் பெண் கனெக்டரில் 50 ஓம் ஆணைச் செருகினால் நடுமுனை விரிந்து கெட்டுவிடும். எஸ்எம்ஏவுக்கு 0.56 நியூட்டன் மீட்டர், 3.5 மிமீ வகைக்கு 0.9 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும்.

அடுத்து, கருவி இயங்கும் நிலையில் அறியாத கனெக்டரில் டிசி மின்னழுத்தம் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். வெளியே வைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கோ மிக்சருக்கோ (இரு சிக்னல்களைக் கலக்கும் பகுதி) மின்சாரம் தருவதற்காகவே சில கனெக்டர் துளைகள் சேர்க்கப்பட்டிருக்கும். அப்படி ஒன்றில் ஸ்பெக்ட்ரம் அனலைசரை நேராக இணைத்தால் அதன் உள்ளீட்டு மிக்சர் போய்விடும். மின்னழுத்தம் இல்லை என்று தெரிந்த பிறகும் டிசி பிளாக் (டிசி மின்னழுத்தத்தைத் தடுக்கும் இணைப்பு) ஒன்றும் 20 டெசிபல் அட்டென்யுவேட்டர் ஒன்றும் இடையில் இருக்கட்டும். 8481ஏ பவர் சென்சாரின் அளவை எல்லை 100 மில்லிவாட்தான் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இப்போது சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதன் அதிர்வெண்ணே அது பிறந்த இடத்தைச் சொல்லிவிடும். 8340பியின் அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இதயத்தில் 2.3 முதல் 7 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் ஒய்ஐஜி ஆஸிலேட்டர் (காந்தப்புலத்தால் அதிர்வெண் மாற்றப்படும் அலையாக்கி) உள்ளது. 7 முதல் 13.5 வரை அந்த அதிர்வெண் இரண்டால் பெருக்கப்படுகிறது, 13.5 முதல் 20 வரை மூன்றால், 20 முதல் 26.5 வரை நான்கால். 2.3க்குக் கீழே 3.7 கிகாஹெர்ட்ஸில் நிலையாக இயங்கும் இன்னொரு ஆஸிலேட்டருடன் கலந்து வேறுபாடு எடுக்கப்படுகிறது.

ஆகவே முன்புறத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் அமைத்து, அறியாத துளையில் அளங்கள். பிறகு 10, 18, 24 என்று மாற்றுங்கள். துளையில் முறையே 3, 5, 6, 6 கிகாஹெர்ட்ஸ் வந்தால், கப்லர் ஒய்ஐஜி ஆஸிலேட்டருக்கும் அதிர்வெண் பெருக்கிக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. முன்புறத்தில் 1 கிகாஹெர்ட்ஸ் அமைக்கும்போது துளையில் 4.7 கிகாஹெர்ட்ஸ் வந்தால் அந்த முடிவு உறுதியாகிறது. நான்கு அமைப்புகளிலும் முன்புற அதிர்வெண்ணே வந்தால் பெருக்கிக்கு அப்பால் எடுக்கப்பட்டது. எதை அமைத்தாலும் 10 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் வந்தால் குறிப்பு அதிர்வெண் (கருவி அடிப்படையாகக் கொள்ளும் நிலையான அதிர்வெண்) வெளியே கொண்டுவரப்பட்டிருக்கிறது.

அதிர்வெண்ணுக்குப் பின் அளவு. பெருக்கிக்கு அப்பால் எடுக்கப்பட்ட துளை என்றால், முன்புற வெளியீட்டைப் பத்துப் பத்து டெசிபலாகக் குறைத்துக்கொண்டே போங்கள். துளையின் அளவும் உடன் குறைந்தால் அது ஸ்டெப் அட்டென்யுவேட்டருக்குப் பின்னால் இருக்கிறது; அசையாமல் நின்றால் அதற்கு முன்னால். வெளியீட்டை அணைத்தபோதும் துளையில் சிக்னல் நிலைத்தால், அந்த அமைப்பைக் கட்டியவர்களுக்கு இடையறாத லோக்கல் ஆஸிலேட்டர் (ரிசீவரின் மிக்சருக்குத் தரும் சிக்னல்) தேவைப்பட்டிருக்கிறது. ரிசீவர் ஒன்றை இதே கருவியோடு பூட்டி ஓட்டியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

சிக்னல் எதுவும் வராவிட்டால் அந்தத் துளை உள்ளீடாக இருக்கலாம். நெட்வொர்க் அனலைசரை மிகக் குறைந்த திறனில், −20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை ஒப்பிட்ட டெசிபல் அளவு) அல்லது அதற்கும் கீழே வைத்து எதிரொளிப்பை (துளையிலிருந்து திரும்பும் சிக்னலை) அளங்கள். அகன்ற வரம்பில் நல்ல 50 ஓம் பொருத்தம் தெரிந்தால் உள்ளே ஐசொலேட்டர் (சிக்னலை ஒரே திசையில் விடும் உதிரி), அட்டென்யுவேட்டர், ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றில் ஒன்று இருக்கிறது. முழு எதிரொளிப்பு என்றால் திறந்த சுவிட்சோ, இணைக்கப்படாத கேபிளோ. குறுகிய பள்ளம் ஒன்று தெரிந்து, கருவியின் அதிர்வெண்ணை மாற்றும்போது அந்தப் பள்ளமும் கூடவே நகர்ந்தால், துளைக்குப் பின்னால் ஒய்ஐஜி வடிகட்டி இருக்கிறது. மூடியைத் திறக்காமலே இவ்வளவையும் அறிய முடிகிறது என்பதே இந்த வேலையின் நிறைவு.

படி 6: மூடியைத் திறத்தல்

நிலைமின்சாரத்தை வெளியேற்றும் மணிக்கட்டுப் பட்டை அணிந்து, மின்சாரத்தை நீக்கிய பிறகு திறந்து, தொடுவதற்கு முன் படம் எடுங்கள். அறியாத கனெக்டரிலிருந்து உள்நோக்கிக் கேபிளைத் தொடர்ந்து செல்லுங்கள். செமிரிஜிட் கேபிளை (விறைப்பான உலோக உறை கொண்ட கேபிள்) வளைத்துப் பார்க்க வேண்டாம். தேவையானால் இரு முனைகளையும் தளர்த்தி முழுதாக எடுங்கள்.

உதிரி எண்கள் நிறையச் சொல்லும். ஹெச்பியில் முதல் ஐந்து இலக்கங்கள் அந்த உதிரி முதலில் எந்தக் கருவிக்காக உருவானதோ அதைக் காட்டும்: 08340-60 என்று தொடங்கும் பலகை 8340க்கு உரியது. 5086-7 என்று தொடங்குபவை ஹெச்பியே தயாரித்த மைக்ரோசர்க்யூட்டுகள். 0955 என்று தொடங்குபவை வெளியில் வாங்கிய மைக்ரோவேவ் உதிரிகள். 1250 ஆர்எஃப் கனெக்டர்கள். 8340க்குள் வேறொரு மாதிரி எண்ணோடு ஒரு பலகை இருந்தால், அந்த மாதிரியின் கையேட்டை எடுத்து அந்தப் பலகை அங்கே என்ன செய்கிறது என்று படியுங்கள். பாதிப் புதிர் அதில் அவிழும்.

தொழிற்சாலை செய்த மாற்றத்தையும் பிற்கால உரிமையாளர் செய்ததையும் பிரித்தறிவது முக்கியம். தொழிற்சாலை வேலையில் துளை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கும், எழுத்து அச்சிடப்பட்டோ பொறிக்கப்பட்டோ இருக்கும், கேபிளில் எண் பட்டை இருக்கும், சேர்த்த ஒயர் பசையால் ஒழுங்காக ஒட்டப்பட்டிருக்கும். பிற்கால வேலையில் ஃப்ளக்ஸ் கறையும் பொருந்தாத திருகுகளும் தென்படும். பின்னதை ஆப்ஷன் எண்ணோடு முடிச்சுப் போட்டால் ஆராய்ச்சி திசை மாறிவிடும்.

படி 7: கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள்

கூடுதல் துளையும் இல்லை, புதிய பலகையும் இல்லை என்றால் நடத்தையைச் சோதியுங்கள். அதிர்வெண்ணின் இரு எல்லைகளையும் தாண்டி எண்களை உள்ளிட்டு, எங்கே மறுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். −20 டிபிஎம்முக்குக் கீழே இறங்க மறுக்கும் 8340பி பழுதானது அன்று. அட்டென்யுவேட்டர் இல்லாத 001 அப்படித்தான் நடக்கும். வெளிக் குறிப்பு உள்ளீட்டில் 10 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தும் பூட்டு விழவில்லை (கருவி அதனோடு ஒத்திசையவில்லை) என்றால் 5 மெகாஹெர்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள். அதிர்வெண் திரை எப்போதும் இருண்டிருந்தால் பாதுகாப்பு கருதி மறைக்கப்பட்டிருக்கலாம். அணைத்து இயக்கும்போது அமைப்புகள் நிற்கவில்லை என்றால் அதே காரணத்துக்காக நினைவகம் நீக்கப்பட்டிருக்கலாம்.

தேர்ந்தெடுத்த தரம் என்ற வகையும் உண்டு. வரிசையில் வந்த கருவிகளில் கட்ட இரைச்சலோ வெளியீட்டுத் திறனோ விலைப்பட்டியல் அளவைவிடச் சிறப்பாக இருந்தவற்றைப் பொறுக்கிச் சிறப்பு எண் கொடுத்திருப்பார்கள். உள்ளே எந்த வேறுபாடும் தெரியாது. எல்லா அலைவரிசைகளிலும் அதிகபட்சத் திறனை அளந்து கையேட்டோடு ஒப்பிட்டால் மட்டுமே ஓரளவு புலப்படும். உண்மையில் சிறப்பு எண்களில் பல இத்தகைய சாதாரண விஷயங்களே: முன்புறக் கனெக்டர் பின்புறத்துக்குப் போயிருக்கும், அல்லது ஏதோ ஒரு வசதி நீக்கப்பட்டிருக்கும். பெரும் இரகசியத்தை எதிர்பார்த்துத் தொடங்காதீர்கள்.

படி 8: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா

கருவி எந்த அமைப்புக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்த பிறகே இந்தக் கேள்வி. ஒய்ஐஜி ஆஸிலேட்டரை வெளியே தரும் துளை உங்களுக்குப் பயனற்றதாகத் தோன்றினாலும் அதை எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. கப்லர் பாதையில் இருப்பதைக் கணக்கில் கொண்டே திருத்த மாறிலிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அதை நீக்கினால் வெளியீட்டு அளவு முழுவதற்கும் மறுசீரமைப்பு தேவைப்படும். துளையின் வாயில் 50 ஓம் டெர்மினேஷனை (சிக்னலை உறிஞ்சும் மூடி) மாட்டி மூடிவிட்டால் போதும். திறந்து விட்டால் எதிரொளிப்பு திரும்பிப் போய் வெளியீட்டின் சமநிலையைக் குலைக்கக்கூடும்.

கட்டாயம் மாற்ற வேண்டிய நிலை வந்தால், எடுத்த கேபிள், கப்லர், ஈப்ராம் அனைத்தையும் ஒரே பையில் போட்டு, மாதிரி எண், சீரியல் எண், ஆப்ஷன் எண், எந்த முனை எங்கே இணைந்திருந்தது என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதி, அளந்த எண்களின் பிரதியோடு கருவியுடனேயே வையுங்கள். மூடியின் உட்புறத்தில் ஒரு பிரதியை ஒட்டிவிடுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் திறக்கப்போவது அந்த மூடியைத்தான்.